கள்ளிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

ஜூன் 4, புதன்

ஆலோசகர் அம்மா இன்று எங்கள் கல்யாணத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு செடி வாங்க வேண்டுமாம். இரண்டு பேரும் சேர்ந்து அதை வேறு தொட்டிக்கு மாற்றி, வளர்த்து, ஜூலையில் மூன்றாவது சனிக்கிழமை அவரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

போன தடவை "என்ன பிரச்சினை?" என்று கேட்டபோது இவர், "பிரச்சினைன்னு ஒண்ணும் இல்லைங்க" என்றார். நான், "அதாங்க பிரச்சினை" என்றேன். ஆலோசகர் அம்மா ரொம்ப நேரம் எதையோ குறித்துக்கொண்டார். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தது இந்தச் செடி.

ஒரு நிபந்தனையும் உண்டு. செடியைப் பற்றி ஒருவரையொருவர் கேள்வி கேட்கக் கூடாது. "தண்ணி ஊத்தினியா, ஏன் ஊத்தலன்னு ஆரம்பிச்சா அது வேற எங்கயோ போய் முடியும். அவங்க பாத்துக்குவாங்கன்னு நம்புங்க. இது நம்பிக்கைக்கு ஒரு பயிற்சி." இவர் உடனே தலையாட்டினார். கேள்வி கேட்காமல் இருப்பதற்கு இவருக்குப் பயிற்சி வேறு வேண்டுமா? பதினோரு வருஷமாக அதில் கரை கண்டவர்.

டைரி எழுதச் சொன்னதும் அந்த அம்மாதான். யாரும் படிக்க மாட்டார்களாம். அப்படியானால் எழுதிவிடுகிறேன். இரவு ரயிலேறினால் காலையில் போய்ச் சேருகிற ஊர் ஒன்றில், ஒரு ஆஸ்பத்திரியில், எனக்கு வேலை தயாராக இருக்கிறது. பிசியோதெரபி பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போன மாதம் நேர்காணலுக்குப் போய் வந்தேன். இவர் "ம்" என்றார். செப்டம்பரில் சேர வேண்டும், ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொன்னால் போதும். என் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

போவதா இருப்பதா என்பதை ஒரு செடி முடிவு செய்யட்டும். நான் முடிவு செய்வதைவிட மோசமாகவா செய்துவிடும்?

ஜூன் 8, ஞாயிறு

செடி வந்துவிட்டது. நான் பூக்கிற செடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் நேராகப் போய் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கள்ளிச்செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது போதும். அடிக்கடி பாக்க வேண்டியதில்ல." ஒரு மனிதர் தன்னைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

கடைப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "தொட்டி மாத்தினதும் ஒரு வாரம் தண்ணி ஊத்தாதீங்க. அப்புறமும் ரொம்ப ஊத்தாதீங்க."

"உரம்?"

"வேணாம்."

"வேற என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து மாற்றினோம். நான் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பட்டை பேண்டேஜைச் செடியின் இடுப்பில் சுற்றித் தூக்கினேன். இவர் வேலைக்குப் போடுகிற தோல் கையுறையுடன் பழைய தொட்டியைப் பிடித்துத் தட்டினார். மணலும் பொடிக்கல்லும் இவரே கலந்து வைத்திருந்தார். தொட்டிதான் தாங்க முடியவில்லை. வாளி அளவுக்கு இருந்தது. "வளர்றதுக்கு எடம் வேணும்ல. திரும்பத் திரும்ப யாரு மாத்திட்டிருக்கிறது?" என்றார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு மூடியைப் போட்டுவிட வேண்டும்.

"புடி." "விடு." "இந்தப் பக்கம்." "போதும்." இந்த மாதத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

ஜூன் 9, திங்கள்

செடி அப்படியே இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

அப்படியே.

ஜூன் 15, ஞாயிறு

'ஒண்ணும் செய்ய வேணாம்' என்பது என் தொழிலில் கெட்ட வார்த்தை. முட்டி ஆபரேஷன் ஆனவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் முதல் நாள் என்னிடம் கேட்டுப் பார்ப்பது அதைத்தான். நான் விட்டதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினமும். அழுதாலும் தினமும்.

ஆகவே கள்ளிக்கும் ஆரம்பித்துவிட்டேன். படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல், வெளிச்சம் எல்லாப் பக்கமும் படட்டும் என்று காலையில் தொட்டியைக் கால் வட்டம் திருப்புகிறேன். ஊசி போடுகிற சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர், வேரோரமாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதில் ஒரு சிட்டிகை உரம். தொடை வீக்கம் அளக்கிற டேப்பால் சுற்றளவு பார்க்கிறேன். இவருக்குத் தெரியாமல்தான். கேள்வி கேட்கக் கூடாது என்றால் பதில் சொல்லவும் வேண்டாம் அல்லவா?

இவர் தொட மாட்டார், அது தெரியும். 'ஓடுறத தொடாதே' என்பது இவருடைய தொழில் வேதம். அந்த வேதத்தின்படிதான் என்னையும் வைத்திருக்கிறார்.

ஜூன் 18, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி விளிம்பில் ஒரு சிவப்புத் தகடு தொங்குகிறது. இவருடைய கருவிப் பையில் இருக்கும் தகடு, கொக்கிக் கம்பி போட்டது. எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் சிவப்பு.

எழுதினால்தானா? என் வீட்டில், என் பால்கனியில், நான் திருப்பி வைக்கிற தொட்டியில், எனக்குச் சிவப்புத் தகடு. தொடாதே என்று வாயால் சொல்ல முடியாதா இந்த மனுஷனுக்கு? கேட்டிருப்பேன். ஆனால் கேட்கக் கூடாதாமே.

கேட்கவில்லை. சிரிஞ்சில் இரண்டு மடங்கு தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் 20, வெள்ளி

தகடு காணோம்.

ஜூன் 21, சனி

தகடு வந்துவிட்டது. நானும் சிரிஞ்சோடு வந்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

இன்று ஒரு நோயாளியின் மகள் என்னிடம், "உங்க வீட்டுக்காரர்தானே அன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்டுல மாட்டினவங்கள காப்பாத்தினாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். சிரித்துவைத்தேன். அவளுடைய அம்மாவுக்கு இன்று பயிற்சி கொஞ்சம் கடுமையாகவே அமைந்துவிட்டது.

எழுதித் தொலைக்கிறேன். பிப்ரவரியில் அப்பா அந்த ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாடியில் இருந்தார். டாக்டர் கையை விரித்ததும் இவருக்குப் போன் போட்டேன். உடனே கிளம்பி வந்தார், அதைச் சொல்ல வேண்டும். கீழே வந்தபோது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் சின்னப் பிள்ளையும். இவர் அங்கேயே நின்று அவர்களை வெளியில் எடுத்தார். பிறகு படியேறி வந்தார், கையெல்லாம் கிரீஸ். அப்பா போய்விட்டிருந்தார்.

அப்பா ரெண்டு தடவ கேட்டாரு. "மாப்ள வந்துட்டாரா?" வந்துட்டாருப்பா, கீழதான் இருக்காருன்னேன். ரெண்டாவது தடவயும் அதையேதான் சொன்னேன். கீழ இருந்து மேல வர்றதுக்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம்னு அவரு நெனச்சிருப்பாரு?

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாதி நேரம் இவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். இவர் செய்தது நல்ல காரியம். அதுதான் என் வயிற்றெரிச்சல். குடித்துவிட்டு எங்காவது விழுந்து கிடந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவரை என்னவென்று திட்டுவது? இவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை. நான் பேசுவதை நிறுத்தினேன். நிறுத்தியது தெரிவதற்கே இவருக்கு இரண்டு மாதம் ஆனது.

ஜூலை 6, ஞாயிறு

வளர்ந்திருக்கிறது. நிஜமாகவே. டேப் சொல்கிறது. செடி தளதளவென்று, வெளிர் பச்சையாக, குழந்தையின் கன்னம் மாதிரி உப்பியிருக்கிறது. இவரும் காப்பியோடு பால்கனியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தானே பெற்றது போன்ற ஒரு பெருமை அந்த முகத்தில். நீங்கள் என்ன செய்தீர்கள், தகடு மாட்டியதைத் தவிர? கேட்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா போனில், "செடி எப்படி இருக்கு?" என்றாள். நல்லா வளருது என்றேன். "அப்ப அந்த வேலை?" என்றாள். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 12, சனி

தொட்டியைத் திருப்பப் போனேன். செடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று அடியில் பென்சிலால் லேசாகத் தள்ளினேன். பென்சில் உள்ளே போனது. பழுப்பாக ஒரு நீர் வந்தது, நாற்றம். ஐயோ என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. இவர் ஷேவிங் சோப்போடு ஓடிவந்தார்.

நிபந்தனையாவது மண்ணாவது. "தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ. ஒவ்வொரு குவளை."

"குவளையா?"

"செய்றத ஒரேயடியா செஞ்சிடலாம்னுதான். நீ ஏன் கேக்கற? நீ ஊத்தினியா?"

"தினமும்."

இவர் என்னையே பார்த்தார். "அதுக்குத்தானே தகடு மாட்டினேன்?"

"என்னைத் தொடாதேன்னு மாட்டினீங்க. நானும் வேணும்னேதான் தொட்டேன்."

இவருக்குப் புரியவே இல்லை. அப்புறம் சொன்னார். லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஒருவர் ஏறி வேலை பார்த்தால், கீழே மெயின் சுவிட்சில் அந்தத் தகட்டை மாட்டுவார்களாம். ஆள் உள்ளே இருக்கிறான், யாரும் கை வைக்க வேண்டாம் என்று அர்த்தம். மாட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள், முதலாளியே ஆனாலும்.

"நான் ஊத்திட்டேன், நீ கஷ்டப்பட வேணாம்னு மாட்டினேன். தண்ணி காஞ்சதும் எடுத்துட்டேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஆளுங்களுக்குத் தெரியும்" என்றார்.

"எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"பேசக் கூடாதுன்னுட்டாங்களே."

ஆக, நம்பிக்கைப் பயிற்சியில் ஒரு உயிர் போகப்பார்க்கிறது. வாளித் தொட்டி, குவளைத் தண்ணீர், சிரிஞ்சுத் தண்ணீர், வேண்டாத உரம். கள்ளி வளரவில்லை. உப்பித்தான் போயிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாதவளா நான்? தினமும் வீங்கிய கால்களைத்தானே பார்க்கிறேன்?

ஜூலை 13, ஞாயிறு

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு மேல்பாதியைக் காயவைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டாம். இவர் கடைக்குப் போய்க் கேட்டு வந்தார். கடைப் பெண் இந்த முறையும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

காய்கறிக் கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இவர் கையுறையோடு பிடித்துக்கொண்டார், நான் வெட்டினேன். முதல் துண்டு முழுக்கப் பழுப்பு. அடுத்ததில் நடுவில் ஒரு பழுப்பு வட்டம். மறுபடி கத்தியைத் துடைத்து மறுபடி வெட்டினேன். வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது, செடியும்.

இவர் கத்தியையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு லிஃப்ட் நின்னுச்சுல்ல" என்றார்.

நான் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அது நின்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நிறுத்தினேன்.

"மாமாவ அந்த நெலமைல பாக்க பயமா இருந்துச்சு. உன்னையும். மேல வந்து என்ன சொல்றதுன்னு தெரியல. கீழ வேலை கெடச்சுது, எனக்குத் தெரிஞ்ச வேலை. அவங்கள வெளிய எடுத்தப்புறமும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். கதவ சரி பண்ற மாதிரி."

"மாதிரின்னா?"

"கதவு சரியாதான் இருந்துச்சு."

கத்தியைக் கீழே வைத்தேன். அதுவரைக்கும் எனக்கு நிதானம் இருந்தது. அப்புறம் திட்டினேன். அப்பா ரெண்டு தடவ கேட்டாருங்க, ரெண்டு தடவ. நீங்க கதவத் தடவிட்டு நின்னீங்களா? அஞ்சு மாசமா ஊரே உங்கள மெச்சுது, நான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேனே, அப்பவாச்சும் சொல்லக் கூடாதா? இன்னும் என்னென்னவோ சொன்னேன். கல்யாணமான புதிதில் நடந்ததெல்லாம் வந்தது. இவர் அழுதார். நான் நிறுத்தவில்லை. நடுவில் இவரும் ஒன்றிரண்டு திருப்பிச் சொன்னார். "நீயும்தான் ஒரு தடவகூட கேக்கல" என்றார். அது இருக்கட்டும்.

பழுப்பு இல்லாத இடம் வந்ததும் வெட்டுவதை முடித்தேன். எலுமிச்சையில் பாதிதான் மிச்சம். காகிதத்தின் மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் கை கழுவினோம். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பசித்தது. இந்த வீட்டில் எனக்குப் பசித்தே ரொம்ப நாளாயிற்று.

ஜூலை 14, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. நோயாளிகளுக்குச் சைகையிலேயே பயிற்சி கொடுத்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

ஜூலை 19, சனி

கண்காட்சி நாள். வெட்டிய பாதி இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. வேர் ஒன்றும் கிடையாது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றேன். "சொன்னா இன்னொரு செடி குடுப்பாங்க" என்றார் இவர். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை.

சின்னத் தொட்டி ஒன்றில் பொடிக்கல் நிரப்பி, மேலே அதை உட்கார வைத்து, சுற்றி நாலு கூழாங்கல்லை முட்டுக்கொடுத்தோம். பஸ்ஸில் இவர் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஆலோசகர் அம்மா மேசைமேல் வைத்துப் பார்த்தார். "அடேயப்பா, நல்லா வளந்திருக்கே" என்றார். பாதியாகிவிட்ட செடியைப் பார்த்து.

"ரெண்டு பேருமே பாத்துக்கிட்டோங்க" என்றார் இவர். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. இப்படிப் பொய் சொல்லத் தெரிந்த மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்?

"நிபந்தனைய மீறலையே?"

"இல்லைங்க" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.

படியிறங்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. முதலில் எனக்குத்தான். இவர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செடி கவிழ்ந்துவிட்டது. எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 2, சனி

வெட்டுவாய் காய்ந்து மூடிவிட்டது. மணல்மேல் வைத்திருக்கிறோம். வேர் விடுகிறவரை தண்ணீர் கிடையாது. காலையில் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம் இதுதான்:

"தண்ணி ஊத்தினியா?"

"இல்ல. நீங்க?"

"இல்ல."

சிரிஞ்சைக் கிளினிக்கிற்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டேன். கை துறுதுறுவென்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலை தருகிற ஆஸ்பத்திரியிலிருந்து போன். இந்த மாதத்துக்குள் சொல்கிறேன் என்றேன். அக்காவிடம் சொன்னேன்.

"செடி என்னாச்சு?"

"பாதியாயிடுச்சு."

"அப்புறம் என்ன யோசனை? கெளம்பு."

அக்கா எப்போதும் கணக்கில் கெட்டி. இவர் இன்று சீக்கிரம் வந்து, ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் சரியான பிறகும் அதில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தாராம். நான் கேட்கவே இல்லை, இவராகச் சொன்னார். கதை ஒன்றும் பிரமாதமில்லை. கடைசிவரை கேட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பாவை நினைத்துக் காலையிலேயே அழுகை. இவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதை இவரிடமே சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேர் விட்டதா என்று பார்க்க லேசாக இழுத்துப் பார்க்க வேண்டுமாம். கடைப் பெண் சொன்னது. நீ பார் என்றார், நீங்கள் பாருங்கள் என்றேன். கடைசியில் நான்தான் பேண்டேஜ் துண்டைச் சுற்றி மேலே இழுத்தேன்.

வரவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறது.

உச்சியில் வெளுப்பாக நாலைந்து புது முள். டேப்பை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். குடும்பக் காரணம் என்றேன். நல்ல வேலை அது. தலைமைப் பொறுப்புக்கு எனக்குத் தகுதி உண்டு, ஆசையும் உண்டு. இவரிடம் எதையும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகஸ்ட் 30, சனி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது, இவர் எடுத்தார். அந்த ஆஸ்பத்திரிதான். மேடம் இன்னொரு தடவை யோசித்துப் பார்க்கட்டும், திங்கட்கிழமை வரை வேறு யாரையும் எடுக்க மாட்டோம் என்றார்களாம். மே மாத நேர்காணல், ஆகஸ்ட் கெடு எல்லாவற்றையும் அவர்கள் வாயிலிருந்தே தெரிந்துகொண்டார்.

நான் வாளியோடு உள்ளே வந்ததும் ஆரம்பித்தது. "எங்கிட்ட சொல்லாம போன, அது ஒண்ணு. அதுக்கு எனக்கு வாய் இல்ல, ஒத்துக்கறேன். எங்கிட்ட கேக்காம வேணாம்னு சொன்னியே, அது எப்படி?"

வேலையை விட்டதற்கா கோபம் என்று கேட்டேன்.

"பின்ன? நீயா ஒரு முடிவு பண்ணுவ, நீயா தியாகம் பண்ணுவ, அப்புறம் பத்து வருஷம் கழிச்சு எங்கிட்ட அதச் சொல்லிக் காட்டுவ. அந்த ஊர்ல என்ன, லிஃப்டே இல்லையா? நான் வந்திருக்க மாட்டேனா?"

எழுதிவிட்டு வருகிறேன் என்று இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். வீடு மாற்றுவது, சாமான் ஏற்றுவது, தொட்டியை ரயிலில் யார் மடியில் வைத்துக்கொள்வது. இவ்வளவு வார்த்தையையும் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்? எழுதவே விட மாட்டேன் என்கிறார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நாலு மாடி. லிஃப்ட் இருக்கிறது. நேர்காணலுக்குப் போன அன்று அது ஓடவில்லை, படியேறித்தான் போனேன். வெளியில் போய் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.